வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்ற தொற்றா நோய்களுக்கு வழிவிடும் பழக்கங்களைக் கணக்கெடுக்க வந்த எங்கள் வேலை நேற்றோடு முடிந்தது. சொன்னது எதுவும் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்திருப்பதால், இந்த மடலில் யார் பெயரும் இருக்காது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் நன்றி மேலத்தெரு மாமியார் ஒருவருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறையில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் வீட்டுக்கு ஒருவரைத்தான் குலுக்கி எடுப்போம். அங்கே மருமகளுக்கு விழுந்தது. “நோவெல்லாம் எனக்கிருக்க, அவளைப் பாத்து என்ன கண்டுபிடிக்கப் போறீங்க?” என்றார். நியாயமான கேள்விதான். நோவுள்ளவர்களாகத் தேடி அளந்தால் ஊரே நோயாளி என்றல்லவா கணக்கு வரும் என்றோம். சற்று யோசித்தவர், “நீ போய் உக்காரும்மா” என்று கைக்குழந்தையை வாங்கிக்கொண்டார்.

தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த நெசவாளர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். கால் மணி நேரம் சும்மா உட்காரவைத்து, மும்மூன்று நிமிட இடைவெளியில் மூன்று முறை பி.பி. பார்த்தோம். முதல் அளவை விட்டுவிட்டுக் கடைசி இரண்டின் சராசரியைத்தான் எடுப்போம் என்றதும், “அப்ப முதல்ல எதுக்குப் பாத்தீங்க?” என்று கேட்டாலும் கையை நீட்டினார்கள். அந்த அரைமணி அவர்கள் இழந்த கூலி.

புகையிலைப் பழக்கமே இல்லை என்று சாதித்துவிட்டு, ‘மெல்லுவீர்களா’ என்று தனியாகக் கேட்டதும் சுருக்குப்பையை அவிழ்த்துக் காட்டிச் சிரித்த ஆயாக்களுக்கும் நன்றி. பழம் எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று கேட்க நாங்கள் காட்டிய பட அட்டையில் ஆப்பிளைத் தள்ளிவைத்து, “கொய்யாவைப் போடுங்க” என்று திருத்தியவருக்கும்.

ரத்தப் பரிசோதனைக்கு முதல்நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது. நம் ஊரில் விடியற்காலை டீயை நிறுத்துவதுதான் பெரும்பாடு. டீக்கடைக்காரர் இரண்டு நாளும் “ரத்தம் குடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் கிளாஸை எடுத்தார். தம் வியாபாரத்தைத் தாமே தடுத்துக்கொண்ட மனிதர்.

வீடு வீடாகக் கூட்டிப்போன மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலருக்கும், பி.பி. 140/90-ஐத் தாண்டியவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்ன கிராம சுகாதார செவிலியருக்கும் நன்றி. சீட்டு வாங்கியவர்கள் தயவுசெய்து ஆரம்ப சுகாதார நிலையம் போய்வாருங்கள்.

அங்கன்வாடிப் பிள்ளைகளே, உங்கள் அறையைப் பிடித்துக்கொண்டு உங்களைத் திண்ணைக்கு அனுப்பினோம். நீங்கள் எங்கள் கணக்கில் வரமாட்டீர்கள். ஆனாலும் வரிசையில் நின்று எடைமிஷினில் ஏறினீர்கள். ஒவ்வொருவர் எடையையும் உரக்கச் சொன்னோம்.

நன்றியுடன்,
கணக்கெடுப்புக் குழுவினர்