வாய்க்கால் காட்டியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

திருகோணமலை நகரில் இயங்கும் எங்கள் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகள் கடந்த திங்கட்கிழமை முதல் கணினியில் நடக்கின்றன. அன்று காலை முதல் ஆளாக வந்தவர் உப்புவெளி அம்மா ஒருவர். அவருடைய கணவர் கரைவலை இழுப்பவர். பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த பாஸ் புத்தகத்தைப் பிரித்து, ஓரமெல்லாம் உப்பு ஊறிப் பழுத்திருந்த தாளை விரித்து, ஐந்நூறு ரூபாவுடன் என் முன் வைத்தார். திரையில் இருந்த மீதியையும் புத்தகத்தில் இருந்த மீதியையும் இரண்டு முறை ஒப்பிட்டேன். சதம் பிசகவில்லை. அந்த நிமிடத்தை எனக்குத் தந்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

மென்பொருளை இலவசமாக எழுதித் தந்தவர் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள், பல்கலைக்கழக மாணவி. ஜாவா மொழியில் எழுதிய மென்பொருள்களை ஓட வைக்கும் கிளாஸ்ஃபிஷ் என்ற சர்வரில் அதை ஏற்றி ஓட விடுவது என் பொறுப்பு. 2005ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தொடங்கிய அந்தத் திட்டம் இன்று எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. காசு கொடுக்காமல் எவரும் பயன்படுத்தலாம். எங்களைப் போன்ற சிறிய சங்கத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று முகம் தெரியாத அந்த நிரலாளர்களுக்கு யாரேனும் சொல்ல வேண்டும்.

உலாவியில் 4848 என்ற போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாசலில், சர்வரை நிர்வகிக்கும் பக்கமான கன்சோல் திறக்கும். எங்கள் கணக்குகள் இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான இணைப்புக் குளத்தை, அதாவது ஆயத்தமாக வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுதியை, அங்கே உருவாக்கி, இணைப்பைச் சோதிக்கும் 'பிங்' பொத்தானை அழுத்தினேன். வெற்றி என்று வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பி, வியாழன் மாலை, மென்பொருள் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய இஏஆர் கோப்பை ஏற்றினேன். செல்லாத வளம் என்று சொல்லி சர்வர் மறுத்துவிட்டது. அது காட்டிய பெயரின் கடைசியில் இரண்டு கீழ்க்கோடுகளும் 'பிஎம்' என்ற எழுத்துகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் எங்கும் எழுதாத எழுத்துகள் அவை. மூன்று மணி நேரம் அவற்றைத் தேடியே கோப்புகளைப் புரட்டினேன்.

எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில் பகுதியைச் சேர்ந்த, கொழும்பில் வேலை செய்யும் தம்பி ஒருவர் அன்றிரவு தொலைபேசியில் என்னை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னார். "அண்ணா, அந்த வால் சர்வர் தானாக ஒட்டுவது. அதை விட்டுவிட்டு மிச்சப் பெயரைப் பாருங்கள். கந்தளாய்க் குளம் நிரம்பி இருந்தாலும் வாய்க்கால் வெட்டாமல் வயலுக்குத் தண்ணீர் வருமா? நீங்கள் குளம் மட்டும்தான் வெட்டியிருக்கிறீர்கள்" என்றார். அப்போதுதான் விளங்கியது. குளம் வேறு, அதைப் பெயர் சொல்லி நிரலுக்குக் காட்டும் ஜேடிபிசி வளம் வேறு. கன்சோலின் இடப்பக்கப் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்துத்தான் இருந்தன. வளத்தை உருவாக்கி முடித்த கையோடு மழைக்கு மின்சாரம் போய்விட்டது; மறுபடி ஏற்றிப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை போயா (பௌர்ணமி) விடுமுறை. கொட்டும் மழையில் கிண்ணியாப் பாலம் கடந்து பஸ்ஸில் வந்தார் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் டீச்சர். கோப்பைத் தெரிந்தெடுத்துவிட்டேன். 'ஓகே' பொத்தானின் மேல் சுட்டி நின்றது. "பொறுங்கள் தம்பி, உள்ளே பெர்சிஸ்டன்ஸ் கோப்பைத் திறந்து காட்டுங்கள்" என்றார். திறந்தேன். நிரல் தரவுத்தளத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் கோப்பு அது. மென்பொருளை ஏற்றும்போது தரவுத்தள அட்டவணைகளை அழித்துப் புதிதாக உருவாக்கு என்ற அமைப்பு அதில் அப்படியே இருந்தது. நிரலை எழுதிச் சோதிக்கும் காலத்தில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் அமைப்புத்தான் அது. மாணவி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் எங்கள் தரவுத்தளத்தில் இருந்தவை சோதனைத் தரவுகள் அல்ல. அலுவலகத்துத் தங்கைகள் இருவர் மூன்று மாதமாகப் பேரேட்டைப் பார்த்துத் தட்டெழுதிய உறுப்பினர் கணக்குகள் அவை. நான் அழுத்தியிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. நகலும் எடுத்து வைத்திருக்கவில்லை.

அன்றிரவு படுத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. வியாழன் மாலை என்னை அலைக்கழித்த அந்தப் பிழை வராமல் போயிருந்தால், தட்டெழுதியது அத்தனையும் அப்போதே அழிந்திருக்கும்.

அந்த அமைப்பைக் கண்டதுமே மாணவிக்கு அழைப்பு எடுத்திருந்தோம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து, அந்த அமைப்பை 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றி, ஒரு மணி நேரத்துக்குள் புதிய கோப்பை அனுப்பினார். அதற்குள் டீச்சர் தரவுத்தளத்தை முழுதாக நகலெடுத்து இரண்டு பென்டிரைவ்களில் போடச் செய்தார். பிறகுதான் பொத்தானை அழுத்த விட்டார். பட்டியலில் எங்கள் மென்பொருளின் பெயர் வந்தது. அதைத் திறந்து, உள்ளே இருந்த 'லாஞ்ச்' இணைப்பைத் தொட்டதும் நுழைவுப் பக்கம் வந்தது. தங்கைகள் இருவரும் முதலில் பார்த்தது கணக்குகளின் எண்ணிக்கையை. அது குறையவில்லை.

தொலைத்தொடர்பில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயாவையும் இங்கே சொல்ல வேண்டும். நிர்வாகிக்குக் கடவுச்சொல் இல்லாமலே கன்சோல் திறந்திருந்ததைக் கண்டுபிடித்து, கடவுச்சொல் இட வைத்து, 4848ஐ வெளியிலிருந்து எவரும் தொட முடியாதபடி அடைத்தது அவர்தான். அந்த நாள் முழுவதும் பிளேன்ரீயும் ரொட்டியும் தந்து எங்களைக் கவனித்த எதிர்க்கடை அக்காவுக்கும், கணினி சரியாக ஓடுகிறது என்று நான் சொல்லும்வரை பேரேட்டை மூட மாட்டேன் என்று நின்ற முகாமையாளருக்கும் என் மனமார்ந்த நன்றி.

தைப்பொங்கலுக்கு முன் மூதூர்க் கிளையையும் இதே சர்வரில் இணைக்க இருக்கிறோம். டீச்சர், அன்றும் என் பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருக்க வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
கணக்குப் பிரிவு உதவியாளர்,
திருகோணமலை