மாரிக்கு முன் வேலி வேலை

உறவுகளே, வணக்கம். ஐப்பசி மழை நெருங்குகிறது. வேலி மாற்ற இருப்பவர்களுக்காக இது.

கொங்கிறீற் தூண் நல்லதுதான், ஆனால் காசு! நீளக் காணி என்றால் இடைக்கிடை தூணும் நடுவில் கதியாலும் (நட்டால் வேர்விட்டுத் தளிர்க்கும் வேலித் தடி) போதும். சீமைக்கிளுவையில் முற்றிய தடியாகப் பார்த்து வெட்டி, அடியைச் சரிவாகச் சீவி, முதல் மழையோடு ஒன்றரை அடி ஆழத்தில் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை முள்ளுக்கம்பியைச் சும்மா கட்டி மட்டும் விடுங்கள். இழுத்து அடித்தால் தடி ஆடிப் பட்டுப்போகும். பிறகு தறிக்கும் குழை ஆட்டுக்கும் ஆகும், வயலுக்கும் ஆகும்.

கிடுகு அடைப்பவர்கள் அடியை நிலத்தில் முட்டவிடாதீர்கள், கறையான் ஏறும்.

இரும்புக் கேற் என்றால், தூணின் கொங்கிறீற்றை ஒரு கிழமையாவது நனைத்த பிறகே கொழுவுங்கள். கீழே நாலு விரல் இடைவெளி வேண்டும், வெள்ளம் ஓடத்தானே. துரு பெரும்பாலும் வெல்டிங் ஒட்டில்தான் தொடங்கும். அங்கே இரண்டு தடவை பெயின்ற். பிணைச்சலுக்குக் கிறீஸ்.

பன்றிக்கென்று வீட்டுக் கரண்டைக் கம்பியில் கொடுக்கவே வேண்டாம். அது ஆளைக் கொல்லும், சட்டப்படியும் குற்றம். யானை வேலியில் வருவது விட்டுவிட்டு அடிக்கும் மின்சாரம், அது வேறு.

எல்லையில் கை வைக்குமுன் பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள். கதியால் தேவையானவர்கள் இங்கே சொல்லுங்கள், சேர்ந்து வெட்டுவோம்.