அழிக்காமல் விட்ட கோடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் 'வுல்ஃப்வாக்கர்ஸ்' (2020) அனிமேஷன் பட விமர்சனம் எழுதியவர், சில காட்சிகளில் பென்சில் கோடுகளை அழிக்காமலே விட்டுவிட்டார்கள் என்று குறைபட்டிருந்தார். அது அலட்சியம் அல்ல. படத்தை எடுத்த கார்ட்டூன் சலூன் நிறுவனம் பாதிக் கதையை அந்தக் கோடுகளில்தான் சொல்லியிருக்கிறது.

கதை நடப்பது 1650இல், அந்த நிறுவனம் இருக்கும் அதே அயர்லாந்து நகரமான கில்கெனியில். மனிதர் ஓநாயாக மாறும் கதைகள் அந்த வட்டாரத்தில் நெடுங்காலமாக வழங்குபவை. மதிலுக்குள் இருக்கும் நகரத்துக்கு அக்கால மரச்செதுக்கு அச்சுப் படங்களே மாதிரி. கோடு தடிப்பாக, கோணம் கோணமாக மடங்கும். வண்ணம் கோட்டுக்குள் அடங்காமல் சற்று விலகி நிற்கும். பழைய அச்சில் கட்டை நகர்ந்தால் வருமே, அந்தப் பிசகுதான். காட்டுக்குள் போனால் எல்லாம் வளைவும் நீர்வண்ணக் கசிவும். ஓநாய்ச் சிறுமி மேவின் உருவத்தில், முதலில் போட்ட வட்டங்களும் அளவுக் கோடுகளும் அப்படியே தெரியும். நகரத்துப் பெண் ராபின் ஓநாயாக மாற மாற அவளுடைய கோடும் இளகும்.

சுத்தமாக வரைவதைவிட இது கடினம். வழக்கமாக, கச்சாப் படத்தின் மேல் கிளீன்-அப் கலைஞர் ஒற்றைக் கோடு இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. இங்கே எந்தக் கச்சாக் கோட்டை வைப்பது, எதை எடுப்பது என்று படத்துக்குப் படம் பார்க்க வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்றாலும் 12 படங்கள். உபரிக் கோடுகள் இஷ்டத்துக்கு இடம் மாறினால் உருவம் நடுங்கும், முகபாவம் கெடும். நகராமல் நின்றாலோ, முகத்தில் விழுந்த கீறலாகத் தெரியும்.

ஓநாயின் பார்வையில் விரியும் காட்சிகளை விமர்சகர் 'கணினி வித்தை' என்கிறார். முக்கால்வாசி கைவேலை அது. மெய்நிகர் (வி.ஆர்.) கருவியில் காட்டை முப்பரிமாணமாக வரைந்து, கேமராவை உள்ளே ஓடவிட்டு, அந்த ஃபிரேம்களைத் தாளில் அச்செடுத்து, கரியாலும் பென்சிலாலும் மறுபடி கையால் வரைந்தார்கள்.

வில்லன் பாத்திரம் சப்பை என்பதில் அவரோடு எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இதே நிறுவனத்தின் 'தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்' (2009) தட்டையாக இருக்கிறது என்று அவர் சொல்வதை எப்படி ஏற்பது? அந்தப் படத்துக்கு மூலமான கெல்ஸ் சுவடி, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் இடைக்கால ஓவியச் சுவடி; அதன் ஓவியங்களில் தொலைவுக் கோணமே (பெர்ஸ்பெக்டிவ்) கிடையாது. படமும் அந்த முறையில்தான் வரையப்பட்டது.

வாசகர்களுக்கு ஒன்று: டேட்டாவை மிச்சப்படுத்தக் குறைந்த தரத்தில் ஓட்டினால், முதலில் கரைந்துபோவது இந்த மெல்லிய கோடுகளும் தாளின் சொரசொரப்பும்தான்.

இப்படிக்கு,
அனிமேஷன் துறை வாசகர், கோவை