காற்றில் முன்னால் போனவர்களுக்கு

போன ஞாயிறு சதுப்பு நிலக் காப்பகத்தைச் சைக்கிளில் மூன்று சுற்று சுற்றி முடித்தோமே, அதற்கான மடல் இது. ஒரு சுற்று 40 கிலோமீட்டர், மொத்தம் 120. அதற்கப்புறம் இரண்டு நாள் மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் இறங்கினேன், அதனால்தான் தாமதம். முடித்ததும் எல்லோரும் என் முதுகில் தட்டினீர்கள். ஆனால் தட்ட வேண்டிய முதுகுகள் வேறு. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் அந்த முதுகுகளை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டியவன் நான், எனக்குத் தெரியாதா.

முதலில் ஒரு ஒப்புதல். "சமதளம்தானே அண்ணா, ஒரு மேடு கூட இல்லையே" என்று நான் சொன்னபோது நீங்கள் யாரும் சிரிக்கவில்லை. அதற்கே ஒரு நன்றி. மேடு இல்லை என்றால் இறக்கமும் இல்லை, பெடலை நிறுத்தி மூச்சு வாங்க ஓர் இடமும் கிடையாது என்பதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மரமோ சுவரோ எதுவும் இல்லை. ஒரு பக்கம் சேறும் நீரும், மறுபக்கம் உப்புப் பூத்த தரை, நடுவில் கரைச்சாலை. காற்று நினைத்த இடத்தில் நினைத்தபடி அடிக்கலாம்.

விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பெரியண்ணனுக்கு அடுத்த நன்றி. வெயில் ஏறினால் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும், அதன் மேலுள்ள காற்று எழும்பும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும் என்று பள்ளியில் படித்ததுதான். படித்தது வேறு, அது மூஞ்சியில் அடிக்கும்போது தெரிவது வேறு. முதல் இரண்டு சுற்றில் பேசிக்கொண்டே வந்தோம். மூன்றாவது சுற்றில் கடலை நோக்கித் திரும்பியதும் பேச்சு நின்றுவிட்டது.

அந்த 9 கிலோமீட்டர் எதிர்க்காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நான் கழன்று வீட்டுக்குப் போயிருப்பேன். காற்று இல்லாதபோது நாம் மணிக்கு 27 கிலோமீட்டரில் போனோம், அதே தூரத்துக்கு 20 நிமிடம் ஆனது. எதிர்க்காற்றில் வேகம் 18-க்கு இறங்கியது, 30 நிமிடம். திரும்பும்போது பின்காற்றில் 36-ஐத் தொட்டோம், அதற்கு 15 நிமிடம். போகும்போது 10 நிமிடம் பறிகொடுத்து, வரும்போது 5 நிமிடம்தான் மீட்டோம். "போகையில் இழந்ததை வருகையில் எடுத்துக்கலாம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த ஆறுதல் வெறும் பொய். காற்று எடுத்துக்கொள்வதை முழுசாகத் திருப்பித் தருவதில்லை. அதோடு அதன் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். எதிரே வருகிற காற்றின் வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். அந்த நான்கு மடங்கை ஒருவர் மாற்றி ஒருவர் நெஞ்சில் வாங்கிக்கொண்டு முன்னால் இழுத்தீர்கள். நெருங்கிப் பின்னால் வந்தால் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்பார்கள். என் கால்கள் அதைவிட அதிகம் என்று சத்தியம் செய்யும். "என் வீலைப் பிடிச்சுக்கோ, வேற எதையும் பார்க்காதே" என்று திரும்பாமலே கத்திய அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கடலோரக் கரைச்சாலையில் கதை மாறியது, அங்கே பக்கக் காற்று. நேர் பின்னால் நின்றால் மறைவு கிடைக்காது, கடலுக்கு எதிர்ப்பக்கமாகச் சற்று விலகிச் சாய்ந்து வர வேண்டும் என்பதே எனக்குப் புதுசு. அப்படிச் சாய்வாக வரிசை போட்டால் சாலை அகலத்துக்குத் தக்கபடிதான் ஆட்கள் அடங்குவார்கள், மிஞ்சியவர் விளிம்பில் காற்று தின்ன வேண்டியதுதான். எதிரே வண்டி வரும் என்று பாதிச் சாலைக்குள்ளேயே இருந்தோம், அதில் மூன்று பேருக்குமேல் நிற்காது. ஏழு பேரை இரண்டு வரிசையாகப் பிரித்து, இரண்டு முறையும் விளிம்புக்குப் போனது யார் என்று எனக்குத் தெரியும் தம்பி. பேர் போடாதே என்று சொல்லிவிட்டாய், சரி, போடவில்லை.

இப்போது பஞ்சர். சிப்பித் துண்டு டயரின் பக்கச் சுவரையே கீறிவிட்டது. நான் பெருமையாக எடுத்து நீட்டிய மாற்று டியூபின் வால்வு தடிமன், என் ரிம்மின் துளையோ சின்னது. ஒரு வருஷமாக அதைப் பையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்! அதைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் தன்னுடைய டியூபைக் கொடுத்தவருக்கு நன்றி. டயரின் உள்பக்கம் விரலால் மெல்ல ஒரு சுற்று தடவி, ஒட்டியிருந்த இன்னொரு துணுக்கையும் எடுத்தாரே, அது மிச்சமிருந்திருந்தால் புது டியூபும் அரைமணியில் போயிருக்கும். கிழிந்த இடத்தில் தின்பண்ட உறையை நாலாக மடித்து உள்ளே வைத்தார். அந்த உறையோடுதான் மீதி 31 கிலோமீட்டரும் வந்தேன், இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது.

மதகருகே தன் கேனிலிருந்து குடிதண்ணீர் ஊற்றிக் கொடுத்த பெரியவரை யாராவது பார்த்தால் சொல்லுங்கள். சுற்றிலும் தண்ணீர், ஒரு வாய் குடிக்க ஆகாது.

எங்களைக் கை காட்டி நிறுத்திய காப்பகக் காவலருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அந்த நேரத்தில் உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது என்றாலும். சாலையோரச் சரளையில் உப்புக்கொத்தி முட்டையிட்டிருந்தது. காட்டிய பிறகும் இரண்டு நிமிடம் எனக்குக் கல்லும் முட்டையும் ஒன்றாகவே தெரிந்தன. தாய் எழுந்து போனால் வெயில் நேராக முட்டையில் விழும், அதனால் நிற்காமல் மணியடிக்காமல் எதிர் ஓரமாகப் போங்கள் என்றார். கடல் ஏற்றத்தின்போது சேறு மூழ்கிவிடுவதால் பறவைகள் கரையோரம் ஒண்டி இளைப்பாறும், அந்த நேரத்தில் கூட்டத்தைக் கலைத்தால் அவை சேர்த்து வைத்த தெம்பு வீணாகும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். பட்டைவால் மூக்கன் என்று ஒரு பறவை, அதில் ஒன்று 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்ததாம். என் 120-ஐப் பற்றி அவரிடம் பேச வாய் வரவில்லை.

பறவை என்றதும் இன்னொன்று. வீட்டுக்கு வந்து படித்தேன், 2015-இல் வெளியான ஓர் ஆய்வு. அரிவாள் மூக்கன்களில் ஓர் இனம் கூட்டமாக இடம்பெயரும்போது முன்னால் பறக்கும் வேலையை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறது, ஒவ்வொரு பறவையும் அடுத்ததன் பின்னால் சுகமாக வந்த நேரத்துக்கு ஏற்றபடி முன்னாலும் பறந்து கணக்கைச் சரிசெய்கிறது. என் கணக்கை யாராவது பார்த்தால் கூட்டத்திலிருந்தே விலக்கிவிடுவார்கள். மூன்றாவது சுற்றில் நான் முன்னால் போனது மொத்தம் இரண்டு நிமிடம், அதுவும் பின்காற்றில்.

கடைசியாக, முடிந்த அன்றைக்கே வண்டியைக் கழுவு என்று இரவு அழைத்துத் தொந்தரவு செய்த மெக்கானிக் நண்பருக்கு. வேகமாகப் பீய்ச்சாமல் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டேன். ஹேண்டில்பாரைத் துடைத்த துணி வெள்ளையாகிவிட்டது, அத்தனை உப்பு. விட்டிருந்தால் ஒரு வாரத்தில் செயின் சிவந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு டியூபைத் திருப்பிக் கொண்டு வருகிறேன், வால்வைப் பார்த்துத்தான் வாங்கினேன். அப்புறம் அந்த எதிர்க்காற்று 9 கிலோமீட்டரில் முதல் ஐந்து நிமிடம் என்னுடையது. ஐந்து முடிந்ததும் யாராவது கத்துங்கள், அதற்குமேல் தாங்க மாட்டேன்.