இழுக்கவில்லை ஐயா, தள்ளுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஊட்டி மலை ரயிலைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம், 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம், எல்லாம் சரி. ஒரு வரிதான் இடித்தது. 'நீராவி எஞ்சின் மூச்சு வாங்கப் பெட்டிகளை இழுத்துச் செல்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். இழுக்கவில்லை ஐயா, தள்ளுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் மலை ஏறும்போது எஞ்சின் கடைசியில்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு கடிதமா என்று கேட்பீர்கள். நானாக இருந்தால் விட்டிருப்பேன். என் வீட்டுக்காரர் விடவில்லை. எழுது எழுது என்று மூன்று நாளாகப் பின்னாலேயே நிற்கிறார். அவருக்குப் பேனா பிடிக்கச் சோம்பல், அதனால் நான் எழுதுகிறேன்.

அவர் 29 வருஷம் பஸ் ஓட்டியவர். கடைசிப் பதினோரு வருஷம் திருப்பத்தூர் – ஏலகிரி வண்டி. ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். அவருக்கு அந்தப் பெயர்களைவிட எந்த வளைவில் எந்த கியர் என்பதுதான் மனப்பாடம். பொங்கல், தீபாவளி என்றால் சிறப்புப் பேருந்து. ஊரெல்லாம் ஊருக்குப் போகும்போது இவர் ஓட்டிக்கொண்டிருப்பார். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். கல்யாணமாகி 33 வருஷத்தில் கோயிலுக்கோ சாவு வீட்டுக்கோ இல்லாமல், சும்மா ஊர் சுற்ற இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பியது போன மாசியில்தான்.

ஏற்பாடெல்லாம் மகள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது என்பதால், காலை எட்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து மலை ரயிலுக்கு இரண்டு சீட்டு பிடித்துவிட்டாள். அவள் வீடு காட்பாடியில். அங்கிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ். புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்தாள். நான் படுத்ததும் தூங்கிவிட்டேன். இவர் தூங்கவில்லை. சேலத்தில் விழித்துப் பார்த்தால் கீழ்ப்படுக்கையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஏங்க, தூங்கலையா?" என்றேன். "எவனோ ஓட்டுறான், நான் எப்படித் தூங்கறது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பாவமாகவும் இருந்தது. ஈரோடு வந்தது, திருப்பூர் வந்தது, கோவையும் வந்தது. அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கி, பல் தேய்த்து, இட்லி சாப்பிட்டு மலை ரயிலைப் பார்க்கப் போனோம். 7.10-க்குப் புறப்பாடு. இவர் நேராக முதல் பெட்டியின் முன்பக்கம் போனார். போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். "இன்னாடி இது, முன்னாடி எஞ்சினே இல்ல?" எஞ்சின் பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஒரு கூட்டம், எல்லார் கையிலும் போன். இவர் படம் எடுக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "டிரைவர் இங்க நிக்கிறாரு. ரோடு அங்க இருக்குது. எப்படி ஓட்டுவாரு?"

உங்கள் கட்டுரையில் இல்லாதது இதுதான். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு சின்ன திண்ணை மாதிரி இடம். அதில் ஒருவர் கொடியும் கையுமாக இருக்கிறார். பிரேக்ஸ்மேன் என்கிறார்கள். முதல் பெட்டியில் இருப்பவர்தான் தண்டவாளத்தைப் பார்க்கிறார். அவர் கொடி காட்டினால் அடுத்த பெட்டிக்காரர் பார்த்துக் காட்டுகிறார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். இப்படியே கடைசியில் இருக்கும் ஓட்டுநருக்குப் போய்ச் சேருகிறது. ஓட்டுநர் சொல்ல வேண்டியதை விசிலில் சொல்கிறார். இதைப் புரிந்துகொண்டதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் பின்னாடி நின்னு வா வா வான்னு தட்டுவாரில்ல, அதான் இது. என்ன ஒண்ணு, இவங்க மலை பூரா ரிவர்ஸிலேயே போறாங்க" என்று எதிர் சீட்டில் இருந்த பெங்களூர் குடும்பத்துக்கும் விளக்கினார். அவர்களுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ, தலையாட்டினார்கள்.

பவானி ஆற்றைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்குள் புகுந்து கல்லாறு வரைக்கும் ரயில் சாதாரண ரயில்தான். அதற்கப்புறம்தான் பல் தண்டவாளம் ஆரம்பம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில், இரண்டு ரம்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி இருக்கிறது. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம், அதனால் எப்போதும் ஏதாவது ஒரு பல் கவ்விக்கொண்டே இருக்கும். 12 அடி போனால் ஒரு அடி ஏறும் அளவுக்குச் செங்குத்து. வெறும் சக்கரம் வழுக்கிவிடுமாம். ஏலகிரியில் இறங்கும்போது பிரேக்கை நம்பாதே, கியரை நம்பு என்று புது டிரைவர்களுக்கு இவர் சொல்வது வழக்கம். அதனால் ரொம்ப சந்தோஷம். "வெள்ளைக்காரன் கியரைத் தரையிலேயே போட்டுட்டான் பாரு" என்றார். 1899-ல் குன்னூர் வரைக்கும் போட்டதாம். நான் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் வலது கால் தரையை அழுத்துகிறது. அவருக்கே தெரியாது. வீட்டில் மகன் பைக்கில் பின்னால் உட்கார்ந்தாலும் இதே கதைதான்.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கிறது. எல்லாரும் இறங்கி டீயும் வடையும் வாங்குகிறார்கள். என் வேர்க்கடலைப் பொட்டலத்தை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. நான் அதைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் இரண்டு டீயோடு எங்கள் பெட்டி பிரேக்ஸ்மேனிடம் போய்விட்டார். அவர் கொடிகளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு டீயை வாங்கிக்கொண்டார். இவர் ஊரையும் கேட்கவில்லை, சம்பளத்தையும் கேட்கவில்லை. "இறங்கும்போது சூடு ஏறினா வாசனை வருமா?" என்றுதான் கேட்டார். அந்த மனுஷன் டீயை நிறுத்திவிட்டு இவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்த டிப்போ?" என்றார்.

அப்புறம் நான் அங்கே இல்லாத மாதிரிதான். ஏறும்போது எங்களுக்குக் கண்ணுக்குத்தான் வேலை, இறங்கும்போது கைக்கு வேலை என்று அவர் சொன்னாராம். ஒன்று தண்டவாளத்துச் சக்கரத்துக்கு, ஒன்று பல்லுக்கு என்று பிரேக்கே இரண்டு விதமாம். விசில் சத்தத்தை வைத்துத்தான் போடுவதும் விடுவதும். ஒருத்தர் முன்னே பின்னே போட்டால் பெட்டி இடிக்கும். பேசிக்கொண்டிருந்தபோது சட்டைக் கையை மடித்தார். நான் பார்த்தேன், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நரம்பு கயிறு மாதிரி இருந்தது. எங்களுக்குப் பின்னால் நாற்பது ஐம்பது பேர் எஞ்சினோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பக்கம் ஒரு கேமரா கூடத் திரும்பவில்லை. பெங்களூர் குடும்பத்துப் பையன் மட்டும் அவர் கொடியைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டான். அவர் பச்சையைக் கொடுத்தார், சிவப்பைக் கொடுக்கவில்லை.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் மாட்டினார்கள். இவருக்குப் பாதி சுவாரசியம் போய்விட்டது. வெலிங்டனில் கொட்டாவி விட்டார், அரவங்காடு வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கேத்தியில் மலைச்சரிவு பூராவும் காய்கறித் தோட்டம், எழுப்பலாமா என்று பார்த்தேன். கால் அசையாமல் கிடந்தது. எழுப்பவில்லை. நண்பகல் வாக்கில் ஊட்டி. லாட்ஜுக்குப் போய் மறுபடி படுத்தவர் சாயந்தரம்தான் எழுந்தார். ஆக, முதல் நாள் நான் ஊட்டியில் பார்த்தது லாட்ஜ் ஜன்னலும் எதிரில் இருந்த வர்க்கிக் கடையும்தான்.

எனவே ஐயா, 'இழுத்து' என்பதைத் 'தள்ளி' என்று திருத்தி ஒரு சின்ன பெட்டிச் செய்தி போட்டால் போதும். இன்னொரு தடவை அந்த ரயிலின் படம் போடுவதாக இருந்தால், எஞ்சின் பக்கம் வேண்டாம், முன்பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கொடி பிடித்தவர் முகம் தெரியட்டும்.

இரண்டு வித பிரேக் பற்றி எழுதினாயா என்று இப்போதும் கேட்கிறார். எழுதியாகிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பத்தூர்.