எங்கள் பஜனையை ஒரு முறை காதால் கேளுங்கள்: சமூக ஊடக நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணக்கு மறுஆய்வுப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் கணக்கு எது, அதில் என்ன கட்டுப்பாடு போட்டிருக்கிறீர்கள் என்பதெல்லாம் உங்கள் திரையிலேயே இருக்கும். போன கிருத்திகைக்குக் கொடைக்கானல் மலையிலுள்ள எங்கள் ஊர் பூம்பாறையில், குழந்தை வேலப்பர் கோயிலில் எங்கள் பஜனைக் குழு பாடிய திருப்புகழை ஏற்றினேன். ஏற்றிய கொஞ்ச நேரத்தில், அது வேறொருவரின் ஒலிப்பதிவு என்று அறிவிப்பு வந்தது. முன்பு வந்த இதே மாதிரி அறிவிப்புகளையும் சேர்த்து, தொடர் மீறல் என்று கணக்கை முடக்கிவிட்டீர்கள். பதிவு போட முடியவில்லை, நேரலை இல்லை, அடுத்தவர் பாட்டுக்குக் கீழே 'அருமை' என்று ஒரு வார்த்தை எழுதவும் வழியில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் அலுவலகத்தில் ஒரு மனிதர் அந்தப் பதிவை ஒரு முறை முழுதாகக் கேட்க வேண்டும்.

கேட்டால் விளங்கிவிடும். ஜால்ரா போடும் பெரியவர் நடுவில் இருமுவார், தாளம் மட்டும் தப்பாது. முடியும் நேரத்தில் பூண்டு மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும். எந்த கம்பெனி கேசட்டில் இந்த இருமலும் ஹாரனும் இருக்கின்றன? ஒரே பாட்டை ஒரே சந்தத்தில் பாடினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். உங்கள் இயந்திரத்துக்கு அது திருட்டாகப் படுகிறது, எங்களுக்கு அது பரம்பரைப் பாடம்.

பதிப்புரிமை எனக்குப் புரியாத விஷயமல்ல. அடுத்தவர் பாடிப் பதிந்ததை எடுத்துப் போட்டால் தப்புதான். ஆனால் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பாட்டின் உரிமை, எழுதியவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள். திருப்புகழைப் பாடிய அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டுக்காரர். அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சுவடிகளைத் தேடித் தேடி 1894-இல் திருப்புகழை அச்சேற்றினாரே வ.த. சுப்பிரமணிய பிள்ளை, அவர் அதை ஊர் முழுக்கப் பாடத்தான் கொடுத்தார்.

சரி, மேல்முறையீடு செய் என்கிறீர்கள். அதற்கு முதலில் நான் நான்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். அலைபேசிக்கு ஓடிபி வரும், பிறகு முகத்தை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் சிக்னல் ஒரு கோடு வந்தால் அன்றைக்கு நல்ல நாள். மழை பிடித்தால் கரண்டும் போய்விடும். ஓடிபி கேட்டுவிட்டுக் காத்திருந்தால் வராது. ஊரை மேலிருந்து பார்க்கிற வளைவுக்கு ஏறிப் போனால் டிங் டிங்கென்று எல்லாம் சேர்ந்து வந்து விழும், எல்லாமே நேரம் தாண்டியவை. அங்கேயே நின்று புதிதாகக் கேட்டு வாங்கிப் போட்டால் அடுத்தது முகம். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, மேலே பார் என்கிறது. மங்கி குல்லாவைக் கழற்றிவிட்டு, சுற்றுலாக்காரர்கள் வேடிக்கை பார்க்க, குளிரில் நின்று திரும்பினேன். அதற்குள் மேகம் இறங்கிவிட்டது. முகம் தெளிவாக இல்லை, மீண்டும் முயலவும் என்றது. எனக்கே என் கை தெரியவில்லை, அதற்கு எப்படி என் முகம் தெரியும்?

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எங்கள் படிக்கட்டு வயல்களைப் பின்னால் வைத்து, உங்கள் பாட்டுப் பட்டியலிலிருந்தே ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்து ரீல்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் நடிகர் முகத்தை ஒட்டவைத்த சூதாட்ட விளம்பரம், ஐந்து நிமிடத்தில் கடன் என்கிற மோசடி, இவற்றைப் பற்றிப் புகார் கொடுத்தால் 'எங்கள் விதிகளை மீறவில்லை' என்று உடனே பதில் அனுப்புகிறீர்கள். மீறுவது எங்கள் பஜனையில் பாடும் ஊர்ப் பாட்டிகள் மட்டும்தான் போலிருக்கிறது. எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனிமேல் பாட்டிகளின் குரலுக்கும் ஒன்று வாங்கி வைக்க வேண்டுமோ என்னவோ.

குறைதீர்க்கும் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. புகாரை முடிக்க அப்போது வைத்த கெடு 15 நாள். எனக்கு வந்ததெல்லாம் இயந்திரம் அனுப்பிய நன்றி மட்டும். மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழு 2023 முதல் இருக்கிறது, அங்கேயும் போகலாம். ஒரு பாட்டைக் கேட்கச் சொல்லி அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றுதான் தயங்குகிறேன்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பாடகன் இல்லை, கேட்பவன், பதிந்து வைப்பவன். திருப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கிருத்திகைதோறும் இந்தப் பதிவுக்காகக் காத்திருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு மனிதரை விட்டு அதைக் கேட்கச் செய்யுங்கள், அடுத்த கிருத்திகைக்குள் கட்டுப்பாட்டை நீக்கித் தாருங்கள். பதில் தமிழில் வந்தால் நல்லது. ஆங்கிலத்தில் வந்தாலும் பரவாயில்லை, கீழே ஒரு ஆளின் பெயர் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பூம்பாறையிலிருந்து ஒரு திருப்புகழ் ரசிகன்