உன் டிராயிங்கில் நான் மாற்றிய இடங்கள்

அன்புள்ள கண்ணு யாழினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் அப்பத்தாவும் நலம். நீ கேட்ட லேசர் வாளின் கைப்பிடி முடிந்துவிட்டது. சனிக்கிழமை கூரியரில் போடுகிறேன். இந்தக் கடிதத்தையும் அதே பெட்டிக்குள்தான் வைக்கிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுவிட்டுப் பாதியை மறந்துவிடுவாய். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன்னால் இதை முழுதாகப் படி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் டிராயிங்கை அப்படியே செய்யவில்லை. படமாகப் பார்க்க அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் பாதிக் கோடுகளுக்கு வேலை இல்லை. இங்கே ஒரு காடி (சுற்றி வெட்டும் பள்ளம்), அங்கே ஒரு வளையம், அடியில் நட்சத்திரம் மாதிரி வெட்டு. எதற்கு என்று கேட்டால் "லுக்குக்குப்பா" என்றாய். லுக்குக்காக மட்டும் வெட்டிய வெட்டு கையில் எடுத்ததும் பொம்மைக் கடைச் சரக்காகத் தெரிந்துவிடும் அம்மிணி. இத்தனை வருஷம் லேத்தில் நின்றவனுக்கு அது உடனே கண்ணில் படும்.

அதனால் லேசர் வாள் வந்த சினிமாவுக்கு முதன்முதலில் அதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். உனக்குத் தெரிந்ததாகவே இருக்கலாம், ஆனாலும் எனக்கு அது பெரிய ஆச்சரியம். 1977இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கதாநாயகன் கையில் இருப்பது கடைந்து செய்ததே இல்லை. ரோஜர் கிறிஸ்டியன் என்ற செட் டெக்கரேட்டர், லண்டனில் ஒரு கேமரா கடையில் பழைய கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷ் கைப்பிடிகளைக் கண்டுபிடித்து வாங்கி வந்திருக்கிறார். அந்தக் காலத்துப் பத்திரிகை போட்டோகிராபர்கள் கேமராவோடு மாட்டிய பொருள் அது. அதன் மேல் கறுப்புப் பட்டைகளை ஒட்டி, கால்குலேட்டரில் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ் லென்ஸ் பட்டையைச் செருகினார், வாள் தயார். அந்தப் படத்தின் செட் வேலைக்குக் கிடைத்த ஆஸ்கரில் அவருக்கும் பங்கு உண்டு.

என்னை யோசிக்க வைத்தது அதன் தடிமன். அந்த ஃபிளாஷுக்குள் மூன்று பெரிய டார்ச் செல் போகும். நம் வீட்டுப் பழைய டார்ச்சில் போடுவோமே, அதே செல்தான். விட்டம் ஏறக்குறைய 33 மி.மீ. செல் உள்ளே போக வேண்டும், போட்டோகிராபர் ஒரு கையில் இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும். அப்படி வந்த அளவு அது. யாரோ உட்கார்ந்து அழகு பார்த்து வரைந்த அளவு இல்லை.

அதே படத்தில் வயதான குருவின் வாள் இன்னும் வேடிக்கை. ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் இன்ஜினின் ஒரு குழாய், முதல் உலகப்போர் காலத்தில் துப்பாக்கியில் மாட்டிச் சுட்ட எறிகுண்டின் உடல், அடியில் தண்ணீர்க் குழாயின் திருகுப்பிடி! பாத்ரூம் பைப்பைத் திறக்கிற அதே திருகுப்பிடிதான். பட்டறையில் சொன்னபோது பையன்கள் நம்பவே இல்லை. போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். அந்த வாள்கள் திரையில் நிஜமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு துண்டும் வேறெங்கோ உழைத்துவிட்டு வந்தது. அந்த உழைப்புக்கு ஏற்ற வடிவம் அதில் இருக்கிறது.

அதனால் உன் டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். வேலை கொடுக்க முடியாததை எடுத்துவிட்டேன். அந்த நட்சத்திர வெட்டு போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே.

மெட்டீரியல் 6061 என்ற ரக அலுமினியம். 38 மி.மீ. ராடு வாங்கி, வெளி விட்டத்தை 36க்கு இறக்கினேன். உள்ளே 28. நீ ஒரே துண்டாக 280 மி.மீ. வரைந்திருந்தாய். அவ்வளவு நீளத்துக்கு ஒரே துளை போட்டால் டிரில் ஓரமாக ஓடும். அப்புறம் துளையைப் பெரிதாக்கும் போரிங் பாரும் அதிரும், உள்ளே வரிவரியாக விழும். அதனால் மூன்று துண்டாகப் பிரித்தேன். பிளேடு, அதாவது ஒளிரும் குழாய், நிற்கிற முகப்பு 70, நடுப்பிடி 150, அடிமூடி 60. இரண்டு இணைப்பிலும் 32 மி.மீ. த்ரெட், பிட்ச் (புரிக்குப் புரி இடைவெளி) ஒன்றரை மி.மீ. அலுமினியம் டூல் முனையில் ஒட்டிக்கொண்டு ஃபினிஷைக் கெடுக்கும், மண்ணெண்ணெய் விட்டுத்தான் கடைந்தோம். நன்றாகக் கழுவியும் பெட்டியைத் திறந்ததும் லேசாக அந்த வாடை வரும், பயப்படாதே.

துண்டாக்கினால் இணைப்புக்கோடு தெரியுமே என்பாய். அங்கேதான் உன் வளையம் உதவியது. முகப்பும் நடுப்பிடியும் சேரும் இடத்தில் வளையத்தைப் போட்டேன். த்ரெட்டை முறுக்கும்போது இரண்டு தோள்களுக்கு நடுவே அது இறுகி நிற்கும், பசை கிடையாது. அது பித்தளை மாதிரித் தெரியும், ஆனால் கன்மெட்டல், செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். தோட்டத்துக் கிணற்று மோட்டாரில் தேய்ந்துபோனது என்று கழற்றிப் போட்ட புஷ் அது, சுழலும் தண்டைத் தாங்குகிற வளையம். உள்பக்கம் போரிங் போட்டுப் பெரிதாக்கி, வெளியே ஒரு ஓரத்தில் மட்டும் பழைய தேய்மானக் கோடுகளை விட்டுவைத்திருக்கிறேன். அந்தப் படக்காரர்களுக்கு ஜெட் இன்ஜின் கிடைத்தது, எனக்குக் கிணற்று மோட்டார்.

காடிகளை நீ 3 மி.மீ. ஆழம் போட்டிருந்தாய். சுவரே 4 மி.மீ.தான் அம்மிணி! மீதி ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1.2க்குக் குறைத்தேன். நீ பேப்பரில் கை வைத்து வரைந்து அனுப்பினாயே, அதை எடுத்து விரல் மடங்குகிற இடங்களைப் பார்த்து இடைவெளியை மாற்றினேன். டூலை அரைவட்டமாகத் தீட்டி வெட்டியதால் ஓரம் எதுவும் கையைக் கீறாது. நர்லிங், அதாவது பிடி வழுக்காமல் இருக்கப் போடும் சொரசொரப்பு, வேண்டாம் என்று விட்டேன். கொஞ்ச நேரம் சுழற்றினாலே உள்ளங்கை சிவந்துவிடும்.

அடிமூடியில் ஆறு துளைகள் இருக்கின்றன. அதன் பின்னால் உன் 24 மி.மீ. ஸ்பீக்கர் உட்காரும். துளை இல்லாமல் மூடினால் சத்தம் உள்ளேயே அடைந்துபோகும். மூடிச் சுவரை வேண்டுமென்றே கனமாக விட்டேன். பிளேடு முன்பக்கம் இழுக்கிறபோது பின்னால் எடை இருந்தால்தான் மணிக்கட்டு வலிக்காது. இருந்தும் மொத்தமும் 300 கிராமை ஒட்டித்தான். இதையே இரும்பில் செய்திருந்தால் மூன்று மடங்கு.

முகப்பின் உள்துளை 25.6. உன் பிளேடு ஓர் அங்குலக் குழாய், அதாவது 25.4. ஆட்டம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இங்கே பைப் கடையில் ஓர் அங்குல பாலிகார்பனேட் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். குழாயின் வெளிவாயை உள்ளங்கையால் மூடித் தள்ளினால் காற்று தடுத்து மெதுவாக உள்ளே போனது. அதைப் பார்த்த பிறகுதான் லேத்தின் சக்குப் பிடியிலிருந்து கழற்றினேன்.

பிளேடைப் பிடித்து நிறுத்த எம்4 (4 மி.மீ.) திருகு இரண்டு. தொட்டதும் கால் சுற்று, அவ்வளவே. அதிகம் முறுக்கினால் குழாயில் பள்ளம் விழும். திருகு கழலுகிறது என்று த்ரெட் லாக் பசை மட்டும் போட்டுவிடாதே. பாலிகார்பனேட்டில் பட்டால் மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். தின்னரும் அப்படித்தான், அது பக்கத்திலேயே வரக்கூடாது.

இனி கரண்ட் விஷயம், இதில் கவனம் வேண்டும். பிளேடுக்குள் இரண்டு வரிசை எல்இடி, முழு வெள்ளையில் எரியவிட்டால் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண 18650 அளவு லித்தியம் செல் அதற்குத் தாங்காது. 15 ஆம்பியராவது தொடர்ந்து கொடுக்கிற செல்லை அங்கேயே நம்பகமான கடையில் வாங்கு. லித்தியம் செல்லைத் தனியாகக் கூரியரில் ஏற்றுவதில்லை, அதனால் நான் அனுப்பவில்லை. செல்லின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் உள்ளே போடாதே. சுற்றிலும் அலுமினியம், ஒரு இடம் தொட்டால் ஷார்ட். பிளஸ் மைனஸ் ஒயர் தடிமனாக இருக்கட்டும். டேட்டா ஒயர் மெலிதாகப் போனாலும் பாதகமில்லை. த்ரெட் இடுக்கில் கடைந்த அலுமினியச் சிப்ஸ் ஒட்டியிருக்கும் என்பதால் ஏர் அடித்து, பிரஷ் போட்டுச் சுத்தம் செய்திருக்கிறேன். ஆனாலும் எலக்ட்ரானிக் போர்டை உள்ளே வைக்கும் முன் ஒரு வெள்ளைத் துணியைச் சுருட்டி இழுத்துப் பார்.

ஸ்விட்சுக்கு 12 மி.மீ. துளை. வட்டத்தின் மேல் ஸ்விட்ச் சரியாக உட்காராது என்பதால் பக்கத்துப் பட்டறையில் மில்லிங்கில் ஒரு தட்டை இடம் எடுத்தோம். அங்கே இருப்பவர் இதை ஏதோ ஸ்பின்னிங் மில் சாமான் என்று நினைத்து, எந்த மெஷினுக்கு என்று கேட்டார். நம்ம பிள்ளை விளையாட என்றேன். கூலியில் பாதியைக் குறைத்துக்கொண்டார்.

அனோடைசிங், அதாவது ஆசிடில் கரண்ட் விட்டு அலுமினியத்தின் மேல் ஏற்றும் பூச்சு, போடவில்லை. நீ கறுப்பு கேட்டாய், தெரியும். ஆனால் எமரி போட்டுத் தேய்த்த அலுமினியம் கைபடக்கைபட நிறம் மாறும், அது எனக்குப் பிடிக்கும். காடிகளுக்குள் மட்டும் கறுப்பு பெயின்ட் விட்டுத் துடைத்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே அனோடைசிங் கொடு. ஆனால் கன்மெட்டல் வளையத்தைக் கழற்றிவிட்டுக் கொடு, ஆசிடில் போனால் வீணாகிவிடும். த்ரெட்டையும் மறைக்கச் சொல், கோட்டிங் ஏறினால் இறுகிப்போகும்.

உள்ளே வைக்கும் சட்டத்தை நீ 3டி பிரிண்ட் செய்வதாகச் சொன்னாய். வெளி விட்டம் 27.5க்கு மேல் போகாதே. பிளேடு ஆடினால் டேப் சுற்றிச் சமாளிக்காதே. வெர்னியர் காலிப்பரில் உன் குழாயை மூன்று இடத்தில் அளந்து எனக்கு அனுப்பு. முகப்பு தனித் துண்டுதானே, அதை மட்டும் புதிதாகக் கடைந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உதிரித் திருகு நான்கும் 2 மி.மீ. ஆலன் கீயும் அடிமூடிக்குள் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடாதே. அம்மா வைத்த பருப்புப்பொடியும் அதே பெட்டியில்தான், கன்மெட்டல் வளையத்துக்குப் பக்கத்தில்.